அண்ணையின் மீட்டர்

அண்ணையிடம் எதுவும் முடிந்துபோனதை நான் ஒருநாளும் கண்டதில்லை. முடிந்துபோனதாக அவர் ஒப்புக்கொண்டதைக் கண்டதில்லை என்று சொல்வதுதான் சரி. டீசல், சோறு, போனில் சார்ஜ், நேரம், மூச்சு, எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கிடக்கு, கிடக்கு." ஒரு தடவை சொன்னால் கொஞ்சம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு தடவை சொன்னால் துப்புரவாக ஒன்றுமே இல்லை.

பெயரைச் சொல்லப் போவதில்லை. லண்டனில் நோர்பரியில் இருந்தார், மினிபஸ் ஓட்டினார், சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அண்ணை. மீசைக்குச் சாயம் பூசுவார், தலைக்குப் பூசமாட்டார். இப்போது டொரோண்டோவில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கேயும் எதுவும் முடிந்திருக்காது.

அவரைப் பற்றி ஒரு பொய்யை நான் மூன்று வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தும் சொன்னேன். அந்தப் பொய்யை முழுதாக நம்பியவர் என் கணவர். அவரிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைப்பேன், ஒவ்வொரு கிழமையும் விட்டுவிடுவேன். ஆகவே கீழே வருவதெல்லாம் ஒரு யோக்கியமான பெண் எழுதியது என்று யாரும் எண்ணவேண்டாம்.

முதலில் மினிபஸ். ஒரு கலியாணத்துக்காக எங்களைப் பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு எம் இருபத்தைந்து நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தார். எல்லாரும் பட்டுச்சேலை. நான் முன்சீட்டில் இருந்தேன். டீசல் முள் சிவப்புக் கோட்டுக்கும் கீழே விழுந்து கிடந்தது.

"அண்ணை, முள்ளு கீழ நிக்குது."

"கிடக்கு, கிடக்கு. இந்த மீட்டர் பொய் சொல்லும்."

அடுத்த பத்தாவது நிமிடத்தில் பஸ் இருமி இருமி நின்றது. பதினாறு பட்டுச்சேலைகள் வீதியோரத் தடுப்புக்குப் பின்னால், புல்லில் குதியுயர்ந்த செருப்புப் புதைய, ஒன்றரை மணிநேரம் நின்றன. லொறிகள் போகும் காற்றில் தலையில் வைத்த பூ பறந்தது. தாலி கட்டியதை நாங்கள் போனில்தான் பார்த்தோம். அதைக்கூட மன்னிக்கலாம், டீசல் யாருக்கும் முடியும். மண்டபத்துக்கு வந்து வடைத்தட்டைக் கையில் வாங்கியபிறகு அவர் சொன்னதைத்தான் மன்னிக்க முடியாது.

"எஞ்சினில ஒரு சத்தம் கேட்டது. வேற டிரைவர் எண்டால் பேசாமல் ஓடியிருப்பான். பதினாறு உயிர். நான் ஓரங்கட்டிட்டன்."

பெண்ணின் தகப்பன் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் பக்கத்தில் நின்று வடை தின்றுகொண்டிருந்தேன். முள்ளைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறக்கவில்லை. மூத்த மனிதர், சபையில் வைத்து எப்படிச் சொல்வது?

அவருடைய கெட்டித்தனம் அதில்தான். இல்லாததை இருக்கிறது என்று சொல்வது எந்த மடையனுக்கும் ஏலும். அது இல்லை என்று அம்பலமாகும் நேரத்தில், மற்றவர்கள் தனக்கு நன்றி சொல்லும்படி கதையைத் திருப்பிவிடுவார். பழைய மாணவர் சங்கத்து விருந்தில் சாப்பாட்டுப் பொறுப்பு அவரிடம். சோறு பாதியில் முடிந்தது. உடனே மைக்கை வாங்கி, "முதல்ல பிள்ளையள் சாப்பிடட்டும், பெரியாக்கள் நாங்கள் பொறுப்பம்" என்றார். கைதட்டு விழுந்தது. பெரியாட்கள் வீட்டுக்குப் போய்ப் பாண் தின்றோம்.

அவருடைய மனைவியின் கைப்பையை ஒருநாள் தூக்கிப் பார்த்தேன், கல் கட்டிவைத்த கனம். சார்ஜர், தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், டோர்ச், தலையிடிக் குளிசை, அவருடைய இரண்டாவது மூக்குக்கண்ணாடி, எல்லாம் உள்ளே இருந்தன.

"என்னக்கா, இவ்வளவு பாரம்?"

"இவர் எல்லாம் கிடக்கெண்டுவார், பிள்ளை. எங்க கிடக்கெண்டு நான்தானே தேடவேணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னா. அந்த மனுசிமேல் எனக்கு அன்று வந்த பிரியம் இன்றும் போகவில்லை. பின்னால் நான் வாய்மூடி இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. அதற்கும் வருகிறேன்.

நான் நீந்தப் பழகியது நாற்பத்தொரு வயதில். நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற லண்டன் பகுதியில் பெண்களுக்கென்று நடந்த வகுப்பில், குண்டு குண்டாகப் பத்துப் பேர், தடாகத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காலடித்தோம். மற்றவர்கள் நீந்தத் தெரிந்ததும் நின்றுவிட்டார்கள். எனக்குத் தண்ணீருக்குக் கீழே இருப்பதுதான் பிடித்தது. அங்கே யாரும் கூப்பிடமாட்டார்கள், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. குரொய்டன் பக்கத்தில், காற்றுச் சிலிண்டரோடு நீருக்கடியில் இறங்கும் சுழியோடிகளின் கழகம் ஒன்றில் சேர்ந்தேன். அங்கே தமிழர் ஐந்தாறு பேர். அவர்களுக்கு நடுவில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அண்ணை.

"ஊரில நிலாவரைக் கிணத்துக்கு அடியில்லை எண்டுதானே சனம் சொல்லும்? நான் பதினேழு வயசில அடியைத் தொட்டனான்" என்று அங்கேயும் தன்னை அறிமுகம் செய்துகொண்டார்.

"அடியில என்ன கிடந்தது அண்ணை?"

"மண்."

இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு பேச்சுவாக்கில் அவருடைய மனைவி சொன்னா: "இவர் லண்டனுக்கு வந்துதானே பிள்ளை நீந்தப் பழகினவர்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டா.

குகைக்குள் சுழியோடுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். நானும் அவரும் ஒன்றாகத்தான் எடுத்தோம். கடலில் ஏதும் பிழைத்தால் மேலே வரலாம். குகையில் மேலே கல்தான். வந்த வழியாலேயே திரும்பிப் போகவேண்டும். எங்களுக்குப் பயிற்சி தந்தவள் மெலிந்த ஒரு ஐரிஷ்காரி. குகை வாயிலிலிருந்து உள்ளே கட்டிக்கொண்டு போகும் நூலை விடாதே என்றாள். காற்றை மூன்றாகப் பிரி, ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, மூன்றாவது உனக்கில்லை, உன்னோடு வருகிறவருக்கு என்றாள். யார் திரும்புவோம் என்று கை காட்டினாலும் திரும்பு, ஏன் என்று கேட்காதே, கரைக்கு வந்தபிறகும் கேட்காதே. கடைசியாக ஒன்றை இரண்டு தடவை சொன்னாள்: மற்றவர் விரலால் காட்டும் எண்ணை நம்பாதே, அவருடைய காற்று மீட்டரைக் கையில் எடுத்து உன் கண்ணால் பார். எல்லாரும் தலையாட்டினோம். அண்ணை கூடுதலாகவே ஆட்டினார்.

நான் வேலை செய்வது வைத்தியசாலை ஆய்வுகூடத்தில். விடிந்தால் பொழுதுபட்டால் மீட்டர் பார்ப்பதுதான் என் தொழில். நோயாளி வாயால் சொல்வதை நாங்கள் நம்புவதில்லை, இரத்தம் சொல்வதைத்தான் நம்புவோம். அப்படிப்பட்ட நான் அந்த நாளில் என்ன செய்தேன் என்பதுதான் இனி வரப்போவது.

பிரான்சின் தெற்கே, சுண்ணாம்புக்கல் மலையடியில் ஒரு ஊற்று. மினிபஸ்ஸில் ஒரு நாள் முழுக்க ஓடிப் போனோம். டீசலை நானே பார்த்துப் பார்த்து அடிப்பித்தேன். கழகத்தைச் சேர்ந்த மூன்று பேரும் அண்ணையின் மனைவியும் கூட வந்தார்கள். மரங்களுக்குக் கீழே ஒரு பச்சைக் குளம், இறங்கினால் கணுக்காலை வெட்டும் குளிர். குளத்தின் அடியில் ஒரு கறுத்த வாய், அதற்குள்ளிருந்து நல்லதண்ணீர் ஓயாமல் வந்துகொண்டிருந்தது.

காலையில் வாயிலை அண்டிய பெரிய குடைவில் மட்டும் சுழியோடினோம். வெளிச்சம் தெரியும் தூரம்வரைதான் அங்கே போகலாம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தபோது, வந்த வாசல் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. வெளியில் நின்ற மரத்தின் இலைகள்கூட அதில் அசைந்தன. நான் தண்ணீருக்குள்ளே அழுதேன். அவ்வளவு அழகு. அதைக் கண்ட ஒரே நாளை இந்த மனிதனோடு பகிரவேண்டி வந்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

கரைக்கு வந்ததும் அவர் தன் மீட்டரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மற்றவர்களுக்கு முன்னால் சிலிண்டரைக் கழற்றினார். நான் கண்டேன். மினிபஸ்ஸின் முள் ஒரு கணம் நினைவுக்கு வந்தது. வந்ததை உதறிவிட்டு பாண் துண்டை வாய்க்குள் வைத்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு நானும் அவரும் குகைக்குள் போனோம். இருவருக்கும் இரட்டைச் சிலிண்டர், மீட்டரில் இருவருக்கும் காற்று இருநூற்றுப்பத்து. யார் முதலில் நூற்றிநாற்பதுக்கு வருகிறாரோ அவர் கை காட்டவேண்டும், இருவரும் திரும்பவேண்டும். கணக்கு அவ்வளவுதான், குழந்தைப்பிள்ளைக்கும் விளங்கும். நூலைப் பார்த்துக்கொண்டு, எதிரே வரும் நீரோட்டத்துக்குள் மெல்ல மெல்லப் போனோம். சுவர்கள் வெள்ளை. அவர் எனக்கு முன்னால் போனார். அவருடைய மூச்சுக் குமிழிகள் கூரையில் நிற்காமல் ஓடின. நான் ஒரு மூச்சு விடும் நேரத்தில் அவர் இரண்டு விட்டார்.

எனக்கு நூற்றறுபது இருக்கும்போது டோர்ச் வெளிச்சத்தால் கூப்பிட்டு, எவ்வளவு என்று சைகையில் கேட்டேன். அவர் மீட்டரைப் பார்க்காமலே விரலால் காட்டினார்: நூற்றறுபது.

அது முடியாத காரியம். அவ்வளவு குமிழியை விட்டவருக்கும் எனக்கும் ஒரே எண் எப்படி வரும்? மீட்டர் அவருடைய இடது இடுப்பில் கொழுவியிருந்தது. என் கைக்கு எட்டும் தூரம். நான் கையை நீட்டவில்லை. அண்ணையின் இடுப்பில் கை வைப்பதா? அவர் சொன்னபிறகு, அவருக்கு முன்னாலேயே சரிபார்ப்பதா? மேலே கரையில் அவருடைய மனைவி நிற்கிறா. நிலத்துக்குக் கீழே, தண்ணீருக்குள்ளே, மீன்கூட இல்லாத இடத்தில் நான் மரியாதை பார்த்தேன்! நினைக்கும்தோறும் எனக்கு என் கன்னத்தில் அறையவேண்டும் போலிருக்கும்.

நூற்றிநாற்பதுக்கு நான்தான் முதலில் வந்தேன். நான்தான் திரும்புவோம் என்று கை காட்டினேன். அவர் தோளைக் குலுக்கினார், பெண்பிள்ளைக்குப் பயம் வந்துவிட்டது, என்ன செய்வது என்கிற மாதிரி.

திரும்பி வரும் வழியில் பாதித் தூரத்தில் என் கால் ஒன்று இழுபட்டது. திரும்புமுன் அவர் என்மேல் ஏறிவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்களை நான் மறக்கமாட்டேன். சைகையாவது காட்டியிருக்கலாம். காட்டவில்லை. என் வாயிலிருந்த காற்றுக்குழாயைப் பறித்துத் தன் வாயில் செருகிக்கொண்டார். கழுத்தில் தொங்கும் மேலதிகக் குழாயைத் தடவி எடுத்து நான் கடித்தேன். அதற்குள் அவருடைய கால்கள் அடித்த அடியில் தரையின் களிமண் கிளம்பி, பால்தேநீருக்குள் முகத்தை அமிழ்த்தியது போலாகிவிட்டது. வெளிச்சம் இருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

இடக்கையின் விரல்களுக்குள் நூலைக் கண்டேன். வலக்கையால் அவருடைய தோளைப் பிடித்து எனக்கு முன்னால் தள்ளினேன். ஒருத்தியின் காற்றில் இரண்டு பேர், அதில் ஒருவர் நாலு பேருக்கான காற்றைக் குடிக்கிறார். அவர் நிற்க நிற்கத் தள்ளினேன். நூலில் கோத்திருக்கும் அம்புக்குறிகளைத் தடவிப் பார்த்தேன், முனை வெளிப்பக்கம் இருந்தது. எனக்குச் சாகப் பயமாக இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. அன்று சனிக்கிழமை. வீட்டில் என் கணவர் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருப்பார், என் சட்டைகளை எப்போதும் தலைகீழாகத்தான் போடுவார். அதைத்தான் நினைத்தேன். இந்த மனிதனை உதறிவிட்டுப் போகலாம் என்றும் ஒரு தடவை நினைத்தேன்.

போகவில்லை. ஆற்றல் முழுக்க என்னுடையது என்று சொல்லவும் மாட்டேன். நீரோட்டம் வெளிப்பக்கம், அதுவும் எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. கலங்கல் தெளிந்து, தூரத்தில் நீலம் தெரிந்தது. நீலத்தைக் கண்டதும் அவர் என் குழாயைத் துப்பிவிட்டு, திரும்பியும் பார்க்காமல் மேலே பாய்ந்தார். நான் மீட்டரைப் பார்த்தேன். இருபது. நான் மற்றவருக்காக வைத்திருந்த பங்கும் போய், எனக்காக வைத்திருந்த பங்கும் அநேகமாகப் போயிருந்தது.

நான் தலையை நீட்டியபோது அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"தங்கச்சிக்கு ஒண்டுமில்லை. உள்ளுக்குப் பயந்து போச்சுது, அவ்வளவுதான். கலக்கிப்போட்டுது. ஒருத்தரும் பயப்பிடாதையுங்கோ, நான் கூட்டிக்கொண்டு வந்திட்டன்."

எனக்குக் குளிரில் தாடை அடித்துக்கொண்டது. வார்த்தை வரவில்லை. அவருடைய மனைவி என்னை இழுத்து அணைத்து, பையிலிருந்து துவாய் எடுத்துத் தலையைத் துடைத்து, சுடுதண்ணீர்ப் போத்தலிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தா. "இவர் இருக்க உனக்கென்ன பயம், பிள்ளை?" என்று அழுதா. நான் தேநீரைக் குடித்தேன். அதற்குள் அவர் மரத்தடியில் நின்று, லண்டனில் இருந்த என் கணவரோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார். "பதறாதை தம்பி. உன்ரை மனுசி பத்திரம். நான் இருக்கிறன்தானே."

நான் உடுப்பு மாற்றுமுன் என் வீட்டுக்குக் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. போனை வாங்கியபோது மறுமுனையில் என் கணவர் விம்மிக்கொண்டிருந்தார். "அண்ணைக்கு நாங்கள் என்ன கைமாறு செய்யப்போறம்?" என்றார்.

"வீட்டை வந்து கதைப்பம்" என்றேன்.

கதைக்கவில்லை. முதல் கிழமை களைப்பு. இரண்டாவது கிழமை அந்த மனுசியின் முகம். மூன்றாவது கிழமை உண்மையான காரணம் வந்தது. மறுபடியும் ஒரு சுழியோடலுக்குப் போகக் கேட்டேன். என் கணவருக்குத் தண்ணீர் என்றாலே பயம், குளிக்கும் தொட்டியைக்கூட நிரப்பமாட்டார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "அண்ணையும் வாறார்தானே?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். "அப்ப போயிட்டு வாரும்." அண்ணை வரவில்லை. அதற்குப் பிறகு நான் ஒருநாளும் அவரோடு தண்ணீரில் இறங்கவில்லை. ஆனால் வீட்டில் ஒவ்வொரு தடவையும் அண்ணை வந்துகொண்டிருந்தார். அவருடைய பொய் எனக்கு அனுமதிச்சீட்டு. அவரை நான் ஏசுகிற ஏச்சில் பாதி எனக்கும் சேரும் என்று தெரிந்துதான் ஏசுகிறேன்.

அவருக்கு அறுபதாவது பிறந்தநாள் வந்தது. எங்கள் பகுதியில் மண்டபம் எடுத்துச் செய்தார்கள். என் கணவர் கண் கலங்கிப் பொன்னாடை போர்த்தினார். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். பச்சைப் பொய் சொல்லக்கூடாது என்று வீட்டிலிருந்தே ஒரு வசனத்தைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். "அண்ணை இல்லாமல் அந்த நாளை என்னால நினைச்சுப் பார்க்க ஏலாது" என்றேன். மண்டபம் எழுந்து கைதட்டியது. அண்ணை கைகூப்பினார். அவருடைய முகத்தில் கூச்சத்தின் ஒரு சுருக்கமாவது விழுகிறதா என்று பார்த்தேன். விழவில்லை. அவர் அதை நம்பிவிட்டார். அந்தக் குகைக்குள் தான் என்னைத் தள்ளிக்கொண்டு வந்ததாகவே அவருக்கு நினைவு.

மண்டபத்தில் சுகந்தியும் இருந்திருக்கிறாள். மருந்துக்கடையில் வேலை செய்யும் பிள்ளை, கழகத்தில் புதிது, குகைப் பயிற்சி முடித்துச் சான்றிதழும் எடுத்தவள். ஒருநாள் டிராம் நிறுத்தத்தில் கண்டபோது ஓடிவந்தாள்.

"அக்கா, நானும் அண்ணையும் அந்த ஊத்துக்குப் போறம். உங்கட பேச்சைக் கேட்டாப் பிறகுதான் அவரோட போறதெண்டு முடிவெடுத்தனான்."

அங்கேயே, டிராமுக்கு நின்றவர்களுக்கு நடுவில் எல்லாவற்றையும் சொன்னேன், குமிழியையும், நூற்றறுபதையும், பறித்ததையும், இருபதையும்.

"அக்கா, மேடையில சொன்னது பொய்யோ, இப்ப சொல்லுறது பொய்யோ?"

"மேடையில சொன்னது."

"உங்கட வீட்டில இது தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப எப்பிடி அக்கா நான் நம்புறது?"

டிராம் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே கேட்டிருப்பேன்.

மூன்று கிழமை கழித்து, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பிரான்சிலிருந்து சுகந்தியின் போன் வந்தது.

"அக்கா, நூற்றைம்பது எண்டு விரலால காட்டினவர். நான் கையால மீட்டரை இழுத்துப் பார்த்தனான். எண்பது."

"பிறகு?"

"உடனே திரும்பிட்டம். தன்ரை காத்திலயே, மட்டுமட்டா வந்து சேந்தார். கரைக்கு வந்த உடனே, 'பிள்ளை பயந்திட்டுது' எண்டு தொடங்கினவர். நான் முகக்கண்ணாடியைக்கூடக் கழட்டாமல் எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டன். அவர் பொய் சொன்னவர், மீட்டரை வந்து பாருங்கோ எண்டன். பாத்தவை."

"அவர் என்ன சொன்னவர்?"

"மீட்டர் பழுதாம்."

அவருடைய மனைவி என்ன செய்தா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. சுகந்தியே சொன்னாள்: "அவ எழும்பிப் போய் பஸ்ஸுக்குள்ள இருந்திட்டா. ஒருத்தருக்கும் தேத்தண்ணி ஊத்தேல்லை." பிறகு, "நீங்கள் இன்னும் வீட்டில சொல்லேல்லைத்தானே?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். ஈரத்தோடு கரையில் நின்று அரை நிமிடத்தில் அவள் செய்ததை நான் மூன்று வருடமாகச் செய்யவில்லை.

என் கணவர் முன்னறையில் வேலைச் சட்டைகளை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, ஒண்டு சொல்லவேணும்."

நின்ற நிலையிலேயே சொன்னேன். அண்ணை என்னைக் காப்பாற்றவில்லை என்பதை, என் மீட்டரில் இருபது மட்டும் மிஞ்சியதை, மேடையில் நான் பேசியதை, அதற்குப் பிறகு போன ஒவ்வொரு தடவையும் அண்ணை வரவில்லை என்பதை. அவர் கையில் இருந்த சட்டையை முடிக்கும்வரை அயர்ன் பண்ணினார். பிறகு சுவிட்சை நிறுத்தினார்.

"அப்ப, நீர்தான் அவரைக் கொண்டு வந்தனீர்."

"ஓம்."

"உம்மட்டை இருபதுதான் மிஞ்சினது."

"ஓம்."

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தினால் நல்லது என்றுகூட இருந்தது. இனித் தண்ணீர்ப்பக்கம் போகாதே என்பார், அல்லது ஏன் மறைத்தாய் என்பார். இரண்டுக்கும் பதில் வைத்திருந்தேன். அவர் சட்டையை மடித்து, மடித்ததைத் திரும்ப விரித்தார்.

"நீர் பிரான்சால வந்து, அடுத்த நாளே வேலைக்குப் போயிட்டீர். நான் லீவு எடுத்து நோர்பரிக்குப் போனனான்."

"எனக்குச் சொல்லேல்லையே."

"சொல்ல வெக்கமாக் கிடந்தது." அவர் என்னைப் பார்க்கவில்லை. "நான் அந்தாளின்ரை காலில விழுந்தனான். அவரின்ரை மனுசி பாத்துக்கொண்டு நிண்டவ. என்ரை அப்பா செத்தாப் பிறகு நான் ஒருத்தற்றை காலிலயும் விழுந்ததில்லை."

"அவர் என்ன செய்தவர்?"

"எழும்பு தம்பி எண்டுவார் எண்டுதான் நினைச்சன். சொல்லேல்லை. தலையில கை வைச்சு ஆசீர்வாதம் பண்ணினவர்." அவர் சட்டையின் கொலரை விரலால் நீவினார். "கனநேரம் வைச்சிருந்தவர்."